வாசகர் கேள்வி: கைப்பேசிக்கு வரும் செய்தி

கேள்வி: நாளிதழ், டிவி இரண்டையும் விட்டுவிட்டேன். யூடியூப் சேனல்களும் வலைப்பதிவுகளும்தான் எனக்குச் செய்தி. ஆனால் சந்தா செய்த சேனலின் வீடியோ கண்ணிலேயே படுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முகப்பில் எது வரவேண்டும் என்று முடிவுசெய்வது அல்காரிதம். அதைத் தவிர்க்க ஆர்.எஸ்.எஸ். (RSS) செய்தியோடைக்கு மாறுங்கள். ஒரு சேனலோ வலைப்பதிவோ புதிதாக வெளியிடுவதைத் தானாகப் பட்டியலிட்டுத் தரும் வசதி அது. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டதோடு ஓடைகளும் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், போகவில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலியில் சேனலின் முகவரியை ஒட்டினால், பதிவுகள் நேர வரிசையில் வரும். யூடியூப் ஓடையில் கடைசி 15 வீடியோக்கள்தான் இருக்கும். அதற்கு முந்தையவை வரவில்லையே என்று தேடாதீர்கள். கண்டதையெல்லாம் சேர்த்தால் படிக்காமல் குவியும், பிறகு செயலியைத் திறக்கவே மனம் வராது.

கேள்வி: வெள்ளம், விபத்து என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் மேலே உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அம்பே இல்லாவிட்டால் அனுப்பியவரே எடுத்தது என்று பொருளல்ல. சேமித்து மறுபடி ஏற்றினால் குறி போய்விடும். எடுத்த தேதியைக் கோப்பில் தேடுவதும் வீண். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும்போது அந்த விவரம் உதிர்ந்துவிடுகிறது.

வீடியோவை நிறுத்தி மூன்று, நான்கு இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர்ப்பலகை, வண்டி எண், தனித்துத் தெரியும் கட்டடம் உள்ள காட்சியாக இருக்கட்டும். வெறும் தண்ணீரும் புகையும் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே ஒட்டிய எழுத்தையும் லோகோவையும் வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள். தேடலை ஏமாற்ற இப்படித் திருப்பிப் போடுவது வழக்கம். டின்ஐ (TinEye) என்ற படத் தேடல் தளத்தில் ‘மிகப் பழையது’ என்று வரிசைப்படுத்தலாம். சம்பவத்துக்கு முந்தைய தேதியில் அதே காட்சி அகப்பட்டால் விஷயம் முடிந்தது. அகப்படாவிட்டால் புதியது என்று முடிவுகட்ட முடியாது, தேடுபொறி அதை இன்னும் பார்க்காமல் இருக்கலாம். ஒலியை நம்பவே வேண்டாம். அலறலைத் தனியாகச் சேர்ப்பது சுலபம்.

கேள்வி: நிலநடுக்க அளவு ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொன்றாக இருக்கிறதே?

பதில்: அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் தளத்தையே நேரில் பாருங்கள். முதல் எண் பெரும்பாலும் கணினி தானாகக் கணித்தது. நிபுணர் சரிபார்த்தபின் மாறும். பகிர்பவர்கள் பழைய எண்ணைத் திருத்துவதில்லை.