கழுத்துக்குள் இரண்டு விரல்

கேள்வி: அக்கா, பழைய ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களில் ஆண்களுக்கு ஒழுங்கான சீருடை, பெண்களுக்கு மட்டும் ஏன் குட்டைச் சட்டையும் இறுக்க உடையும்? மகளின் மாறுவேடப் போட்டிக்கு ஒன்று தைக்க ஆசை.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, வெள்ளவத்தையில் 22 வருடமாகத் தைக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கும் உறுத்தியதுதான். முதல் ஸ்டார் ட்ரெக் தொடருக்காக முதலில் எடுத்த மாதிரி அத்தியாயத்தில் பெண்களும் காற்சட்டைதான் போட்டிருந்தார்கள். 1966இல் ஒளிபரப்பானபோது அது குட்டைச் சட்டையாகிவிட்டது. எதிர்காலத்தைக் காட்டப் போய் அறுபதுகளின் மோஸ்தரைத் தைத்துவிட்டார்கள்.

1997இல் வோயேஜர் என்ற பிந்திய ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்த செவன் ஒஃப் நைன் என்ற பெண் பாத்திரத்தின் வெள்ளி உடை இன்னும் மோசம். உள்ளே இடுப்பை இறுக்கும் கோர்செட் வேறு. கழுத்துப் பட்டி இறுக்கி நடிகை ஜெரி றையன் மயங்கியே விழுந்திருக்கிறார். அதை அறிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. கழுத்துக்குள் இரண்டு விரல் போகவேணும் என்பது தையல் பழகும் பிள்ளைக்கே தெரியும்!

‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் கப்பலின் மனநல ஆலோசகராக வரும் டியானா ட்ராய்க்கு 1992இல், ஆறாவது சீசனில்தான் மற்றவர்களைப் போலச் சீருடை கிடைத்தது. மகளுக்கு அதையே தையுங்கள். புறக்கோட்டையில் பருத்தி கலந்த நீலத் துணி எடுங்கள், இந்த வெக்கைக்கு லைக்ரா வேண்டாம். அப்புறம், பொக்கெற் வைக்க மறக்காதீர்கள்.