400 ஆண்டுகள் போதாதா?

கேள்வி: கோட்பாடு எதையும் வற்புறுத்தாமல், நம்பிக்கையை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடும் புராட்டஸ்டன்ட் சபை ஒன்று நெதர்லாந்தில் உள்ளதாமே! இப்படிக் கட்டுப்பாடில்லாத சபை நிலைக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் குறிப்பிடும் ரெமான்ஸ்ட்ரன்ட் சபை 1619இல் உருவாகி, 400 ஆண்டுகளைக் கடந்து இன்றும் சிறிய சபையாக இயங்கி வருகிறது. யாருக்கு மீட்பு, யாருக்கு அழிவு என்பதைக் கடவுள் எந்த நிபந்தனையுமின்றி முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற போதனையை மறுத்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்த போதகர்கள், 1610இல் ஐந்து கூறுகள் கொண்ட முறையீட்டை அரசிடம் அளித்தார்கள். 1618இல் டார்ட் நகரில் கூடிய பேரவை அதைக் கண்டித்தது. ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக நின்ற ஓல்டன்பார்னவெல்ட் என்ற அரசியல் தலைவர், எழுபது வயதைக் கடந்த நிலையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதே தரப்பில் நின்று ஆயுள் தண்டனை பெற்ற சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸுக்குச் சிறைக்குள் புத்தகங்கள் பெட்டியில் வந்து போயின. காவலர்கள் அதைத் திறந்து பார்ப்பதை நாளடைவில் விட்டுவிட்டதைக் கவனித்த அவர் மனைவி மரியா, 1621இல் கணவரையே அப்பெட்டிக்குள் படுக்கவைத்துப் பூட்டி அனுப்பிவிட்டார். கட்டுப்பாட்டின் பெயரால் நடந்தவை இவை என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

அச்சபையில் சேருகிறவர் தம் விசுவாச அறிக்கையைத் தம் சொந்தச் சொற்களில் தாமே எழுத வேண்டும். சபை 2006இல் பொது அறிக்கை ஒன்றை வெளியிட்டபோதும் அதை யார்மீதும் சுமத்தவில்லை. ஒருபால் இணையரின் வாழ்வை 1986லேயே ஆசீர்வதிக்கத் துணிந்ததும் இச்சபைதான். நான் எதை நம்புகிறேன் என்று வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்து யோசிப்பதைவிடக் கடுமையான கட்டுப்பாடு எது? குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் திடப்படுத்தல் சடங்குக்காக நாம் நடத்தும் வகுப்புகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை. ‘வானத்தையும் பூமியையும் படைத்த’ என்று தொடங்கும் விசுவாசப் பிரமாணத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், இதில் உனக்குப் புரியாத வரி எது என்று கேட்கும் ஆசிரியர்கள் மிகச் சிலரே.

இந்தச் சுதந்திரம் மேற்கத்தியச் சரக்கு, கொங்கு மண்ணுக்கு ஒவ்வாது என்று எழுதும் வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1830இல் கோயம்புத்தூரில் ஊழியம் தொடங்கிய லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய நற்செய்திச் சங்கம், எந்தச் சபையமைப்பையும் புறஜாதியார்மீது, அதாவது கிறிஸ்தவரல்லாத மக்கள்மீது, திணிக்க மாட்டோம், அதை விசுவாசிகளே தீர்மானிக்கட்டும் என்று 1796லேயே முடிவுசெய்த சங்கம். 1947இல் பல புராட்டஸ்டன்ட் சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது, இணைந்த சபைகள் பழைய விசுவாசப் பிரமாணங்களை ஏற்றுக்கொண்டன. ஆனால் அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொருவரும் இசைய வேண்டும் என்று கேட்கப்போவதில்லை என்பதையும் பதிவுசெய்தன. அத்திருச்சபையின் கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயராக 1950இல் பொறுப்பேற்ற ஏ.ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கமாக வாசித்தவர். இராமானுசரையும் தமிழ்ப் பக்திக் கவிகளையும் துணைகொண்டு கிறிஸ்துவைப் பேசியவர். அவர் பேராயராக இருந்த மண்ணில் இருந்துகொண்டு நீங்கள் நெதர்லாந்தைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை.

உங்கள் ஆயரிடம் ஒரு விண்ணப்பம் வையுங்கள்: அடுத்த திடப்படுத்தல் ஆராதனைக்கு முன், பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் விசுவாசத்தைத் தம் சொற்களில் ஒரு பக்கம் எழுதிவரட்டும், யாருடையதையும் அவர் சிவப்பு மையால் திருத்த வேண்டாம்.