அசையாத பழைய சிங்கர் கைத் தையல் மெஷினை 6,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

சக்கரம் அசையவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நீங்கள் பார்த்த மெஷின் சிங்கர் 28 மாடல், அதன் சீரியல் எண் 'ஒய்' (Y) எழுத்தில் தொடங்குகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1920, 30களில் செய்தது.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் துரு இல்லை, காய்ந்த எண்ணெய். யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். எண்ணெய்த் துளைகளிலும் அடியில் உராயும் இடங்களிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். இளகியதும் மெஷின் ஆயில் கட்டாயம். மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் வறண்டு தேயும். தங்கப் பூ வேலையில் தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் மேல்பூச்சோடு உரிந்துவிடும்.

காசு கொடுக்கும் முன் ஊசிக்கு முன்னால் உள்ள தகட்டை உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். உள்ளே தோட்டா வடிவ ஷட்டிலும் (அடிநூலைக் கொண்டுபோகும் பாகம்) அதற்குள் ஒல்லியான நீள பாபினும் (அடிநூல் சுற்றும் உருளை) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலையை நன்றாகக் குறையுங்கள். கடையில் கிடைக்கும் வட்ட பாபின் இதில் சேராது. ஊசிக்குக் கவலையில்லை, சாதாரண 16 நம்பர் போதும். தட்டைப் பக்கம் வலப்புறம், நூல் இடமிருந்து வலம். மெஷினின் வார்ப்பிரும்பு உடலில் விரிசல் இருந்தால் மட்டும் வாங்க வேண்டாம்.

விற்பவர் 'அபூர்வம், உள்ளே சிவப்புப் பாதரசம்' என்றால் சிரித்துவிட்டு வாருங்கள். பழைய சிங்கர் மெஷின்களுக்குள் அப்படியொரு விலையுயர்ந்த பொருள் இருப்பதாக 2009இல் சவூதியில் கிளம்பிய புரளி அது.