விற்ற பைக்குக்கு வந்த சம்மன்

கேள்வி (சுருக்கம்): 2019 பிப்ரவரியில் ஷோரூமில் புதிதாக வாங்கிய பைக்கை 2021 ஆகஸ்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் செயலியில் போட்டு 41,000 ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் ‘ஆர்.டி.ஓ. வேலையை நான் பார்த்துக்கறேன் ப்ரோ’ என்றதால், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புக்கோடு கொடுத்துவிட்டேன். அவர் அதை இன்னொருவருக்கு விற்றிருக்கிறார். 2023 நவம்பரில் நாமக்கல் பக்கம் அந்த பைக் மோதி 52 வயது பால்காரர் ஒருவர் இறந்துவிட்டார். ஓட்டியவர் மீதும் என் மீதும் 28 லட்சம் கேட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறார்கள். செயலியை மூடிவிட்டார்கள். வாங்கியவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். முதல் வருடத்துக்குப் பிறகு நான் இன்ஷூரன்ஸும் கட்டவில்லை. செயலி நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்தில் 10 லட்சம் கேட்கலாமா? விற்றதற்கு வாட்ஸ்அப்பில் ஆதாரம் இருக்கிறது, சம்மனுக்குப் போகாமல் இருக்கலாமா? — வாசகர், கரூர்

பதில்: உங்கள் கடிதம் பதினோரு பக்கம். செயலியின் கஸ்டமர் கேர், வாங்கியவரின் பேச்சு, காவல் நிலையத்தில் உட்காரவைத்தது, விற்க வேண்டாம் என்று மனைவி அன்றே சொன்னது எல்லாவற்றையும் படித்தேன். தீர்ப்பாயம் இதில் ஒரு வரியைக்கூடக் கேட்காது. அது கேட்கப்போவது, விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருந்தது என்பதுதான். உங்கள் பெயர். சட்டத்தின் கண்ணில் அன்று அந்த பைக்கின் உரிமையாளர் நீங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(30) யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆள் பெயர். இழப்பீடு அவர் தலையில்தான் விழுந்தது. செத்தவர் வீட்டுக்காரர்கள் கைமாறிய சங்கிலியைத் தேடி ஊர் ஊராக அலைய முடியாது என்பது நீதிமன்றத்தின் நியாயம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 50 சொல்கிறது. நீங்கள் தெரிவிக்கவில்லை.

செயலி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உங்கள் விளம்பரத்தைப் போட இடம் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. பைக்கை அவர்கள் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. இப்படிப்பட்ட தளங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 79 பாதுகாப்பு தருகிறது. அந்தப் பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்ததில் பாஸி டாட் காம் விவகாரத்துக்குப் பங்கு உண்டு. 2004இல் யாரோ ஒருவர் விற்பனைக்குப் போட்ட வீடியோவுக்காக அந்தத் தளத்தின் தலைவரையே கைது செய்தார்கள். பாஸியை அதே ஆண்டு இபே வாங்கியது, இபே இந்தியா 2018 ஆகஸ்டில் கடையைச் சாத்தியது. ஓஎல்எக்ஸின் இந்திய வாகன வியாபாரம் 2023இல் கார்டிரேட் கைக்குப் போனது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட குவிக்கர் தளத்தை இப்போது யாரும் பேசுவதில்லை. (உங்கள் கடிதத்தில் உள்ள செயலி இவற்றில் எதுவும் இல்லை. பெயர் இங்கே தேவையும் இல்லை.) இந்தத் தொழிலில் கடைகள் வரும், போகும். செயலி மூடியதில் உங்களுக்கு உண்மையான நஷ்டம் ஒன்றே ஒன்று: அதற்குள் நடந்த சாட் போய்விட்டது. மிச்சமிருக்கும் வாட்ஸ்அப் உரையாடலையும், 41,000 வந்த வங்கி ஸ்டேட்மென்டையும் இன்றே எடுத்து வையுங்கள். அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். பத்து லட்சம், மன உளைச்சல் எல்லாம் மறந்துவிடுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். அது ஒன்பதாம் பக்கத்தில் போகிறபோக்கில் வருகிறது: ‘முதல் வருடத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கட்டவில்லை.’ காவல்துறையும் இன்ஷூரன்ஸ் இல்லை என்றே எழுதியிருக்கிறது. அதனால்தான் மனுவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியே கட்சியாக இல்லை, நீங்களும் ஓட்டியவரும் மட்டும் நிற்கிறீர்கள். ஆனால் பைக்கை வாங்கியது 2019 பிப்ரவரி, அதுவும் ஷோரூமில். 2018 செப்டம்பர் 1க்குப் பிறகு விற்ற ஒவ்வொரு புது இருசக்கர வாகனத்துக்கும் ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டி மோதிப் பாதிக்கப்படும் பிறருக்கான காப்பீடு, கட்டாயம். கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் சாலைப் பாதுகாப்புக்காகப் போட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. உங்களுக்கு முதல் வருடத்தோடு முடிந்தது வண்டிச் சேதத்துக்கான பகுதியாக இருக்கும். மூன்றாம் நபர் பகுதி 2024 பிப்ரவரி வரை ஓடியிருக்க வேண்டும். விபத்து 2023 நவம்பர்.

பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அதில் இரண்டு காலவரையறை இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. எல்லோரும் மேலே இருப்பதை மட்டும் படித்துவிட்டு ‘முடிஞ்சுபோச்சு’ என்று மூடிவைத்துவிடுகிறார்கள். காகிதம் தொலைந்திருந்தால் ஷோரூம் பில்லோடு போய் அங்கேயே பாலிசி எண்ணைக் கேளுங்கள். நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்பதற்காக மூன்றாம் நபர் காப்பீடு செத்துவிடாது. பிரிவு 157இன்படி அது வண்டியோடு போகும். ஆர்.சி.யும் பாலிசியும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்த புஷ்பா என்ற லீலா வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் கம்பெனியைத்தான் பணம் கட்டச் சொன்னது. பாலிசி எண் கிடைத்த மறுநாளே அந்தக் கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்க்க மனு போடுங்கள்.

பாலிசி கிடைத்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று தூங்கிவிடாதீர்கள். என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

வழக்கமாக நடப்பது இது. ‘நான் விற்றுவிட்டேனே, எனக்கென்ன’ என்று சம்மனை மேசை டிராயரில் போட்டுவிடுவார். மூன்று வாய்தாவில் எக்ஸ் பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடக்கும். மனுதாரர் ஒரு பக்கம், இன்ஷூரன்ஸ் வக்கீல் இன்னொரு பக்கம். அந்த வக்கீல் முதலில் கேட்பது ஓட்டியவரின் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து சாட்சி வந்து சொல்லிவிட்டுப் போவார். குறுக்கு விசாரணை செய்ய உரிமையாளர் தரப்பில் ஆளே இல்லை. தீர்ப்பு ‘பே அண்ட் ரெகவர்’ என்று வரும். அதாவது கம்பெனி இப்போது கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். நம் ஆளுக்கு அந்தத் தீர்ப்பு வந்ததே தெரியாது. கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதும் இல்லை. நஞ்சப்பன் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டாலே போதும். ஒரு நாள் வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அப்போதுதான் என் அலுவலகப் படி ஏறுவார், கையில் அதே பழைய சம்மன், உறைகூடக் கிழிக்காமல்.

இதற்குத் தடுப்பு இருக்கிறது. ஸ்வரண் சிங் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம், ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று காட்டுவது மட்டும் போதாது, அந்த மீறலில் உரிமையாளரின் தவறு அல்லது அலட்சியம் இருந்தது என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்றது. நீங்கள் இந்த ஓட்டுநர் கையில் சாவியைக் கொடுத்தவர் இல்லை. 2021இல் வேறொருவருக்குக் கொடுத்தீர்கள். வாட்ஸ்அப் ஆதாரத்தின் பயன் இங்கேதான் வருகிறது. பால்காரர் குடும்பத்துக்கு எதிராக அது செல்லாக்காசு, கம்பெனி உங்களிடம் வசூலிக்க வரும்போது அதுவே கேடயம். ஆனால் கூண்டில் ஏறி நீங்கள் சொன்னால்தான் அது கோப்பில் ஏறும்.

அதனால் மனுவுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலான எதிருரையில் ‘நான் உரிமையாளர் இல்லை’ என்று ஒற்றை வரி எழுதி நிறுத்திவிட வேண்டாம். பாலிசி விவரம், விற்ற தேதி, யாருக்கு, எந்தக் கணக்கில் பணம் வந்தது, விபத்தில் இறந்தவர் பக்கம் கவனக்குறைவு இருந்ததா, எல்லாம் இருக்க வேண்டும். வாங்கியவரையும் கட்சியாகச் சேருங்கள். ‘இன்று முதல் எல்லா வழக்குக்கும் நானே பொறுப்பு’ என்று அவர் கையெழுத்துப் போட்ட டெலிவரி சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் இருவருக்குள் மட்டுமே செல்லும், ஆனாலும் பின்னால் அவரிடம் பணம் கேட்க உதவும். அப்புறம், இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் ‘உங்களுக்கும் சேர்த்து நானே பார்த்துக்கறேன் சார்’ என்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் உங்களிடம் வசூலிக்கப்போகிறவரின் வக்கீல் அவர். தனி வக்கீல் வையுங்கள்.

யாராவது புரோக்கர் பழைய தேதி போட்டு படிவம் 29 தயார் செய்து தருகிறேன் என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இழப்பீட்டு வழக்கு பணத்தோடு முடியும், பொய் ஆவண வழக்கு அப்படி முடியாது. வீட்டை அவசர அவசரமாக மனைவி பெயருக்குத் தானம் எழுதுகிற யோசனையும் உங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 53இன் கீழ் அதை உடைத்துவிடலாம். முத்திரைத்தாள் செலவுதான் மிச்சம்.

பாலிசி எங்கு தேடியும் இல்லை, அல்லது ஷோரூம்காரர் ஒரு வருடத்துக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார் என்று வந்தால்? சமாதானம் பேசுங்கள். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் வேறு வழி இருப்பதாக ஆசை காட்ட மாட்டேன். 28 லட்சம் என்பது மனுவில் போடும் தொகை. பால்காரரின் மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதாக வையுங்கள். சுயதொழில், வயது 50க்கு மேல் என்பதால் 10 சதவீதம் கூட்டினால் 16,500. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் நம்பியிருந்ததால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 12,375. பன்னிரண்டு மாதம், எத்தனை வருட வருமானம் என்று கணக்கிட 52 வயதுக்குப் பெருக்கல் எண் 11. ஆக 16,33,500. ஈமச் செலவு, குடும்பத்தின் இழப்பு என்ற தலைப்புகளில் சேர்வதைக் கூட்டினால் 18 லட்சத்தைத் தொடும், மேலே வட்டி. வழக்கு இழுக்க இழுக்க வட்டி ஏறும். மேல்முறையீடு என்றாலும் 25,000 ரூபாய் அல்லது தொகையில் பாதி, எது குறைவோ அதைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். கட்டாவிட்டால் கலெக்டர் வழியாக நிலவரி பாக்கி போல வசூலிப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கும் பணம் இன்று தேவை, ஆறு வருடம் கழித்து இல்லை. சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் உட்கார்ந்து, வாங்கியவரையும் ஓட்டியவரையும் இழுத்து உட்காரவைத்து, தவணையாக ஒரு தொகைக்கு முடியுங்கள். நீங்கள் முன்னால் கொஞ்சம் பணம் வைத்தால்தான் பேச்சே தொடங்கும்.

பாலிசி கிடைத்து கம்பெனி லோக் அதாலத்துக்கு வந்தாலும் ஒரு ஜாக்கிரதை. சமரச மெமோவில் ‘உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமைக்குப் பாதகமின்றி’ என்று ஒரு வாக்கியம் நுழைந்திருக்கும். அதை அடித்தால்தான் கையெழுத்து. லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, கையெழுத்துப் போட்டபின் என்னிடம் வந்து பயன் இல்லை.

பின்குறிப்பில் மனைவியின் ஸ்கூட்டரை வேறொரு செயலியில் விற்பனைக்குப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக விற்கலாம். வாங்குபவரோடு நீங்களும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள், படிவத்தில் தேதி போடாமல் மனைவி கையெழுத்துப் போட வேண்டாம். புதுப் பெயரில் ஆர்.சி. வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை சாவி உங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கட்டும்.