“இதுக்கு ஸ்டார் உண்டா, டீச்சர்?”

அன்புள்ள ஐயா,

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஜூன் மாதம் வகுப்புச் சுவரில் 28 பிள்ளைகளின் பெயர்களையும் எழுதி ஒரு சார்ட் ஒட்டினேன். வீட்டுப்பாடம் முடித்தால், சத்தம் போடாமல் இருந்தால், ஒரு பக்கத்தைப் பிழையின்றி வாசித்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். பத்து சேர்ந்தால் என் செலவில் ஒரு பென்சில். முதல் இரண்டு மாதம் வகுப்பே மாறிப்போனது. இப்போது இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. வாசிப்பு மூலையில் தானாகவே புத்தகம் எடுத்துக்கொண்டு உட்காரும் ஒரு சிறுமி, போன வாரம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்கு ஸ்டார் உண்டா, டீச்சர்?” என்று கேட்டாள். இல்லை என்றதும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஐந்து மாதத்தில் மூன்றே நட்சத்திரம் வாங்கிய ஒரு பையன் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்புவதில்லை. பிரம்பும் கூடாது, பரிசும் கூடாது என்றால் வகுப்பை எதைக் கொண்டு நடத்துவது என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் கேட்கிறார். சார்ட்டைக் கழற்றிவிடவா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்தச் சிறுமி பேராசையால் கேட்கவில்லை. ஐந்து மாதமாக அந்தச் சுவர் சொல்லிக்கொடுத்த கணக்கை அவள் சரியாகவே கற்றிருக்கிறாள். நட்சத்திரம் கிடைக்கும் செயல் செய்யத்தக்கது, கிடைக்காதது வீண் என்பதுதான் அந்தக் கணக்கு. புத்தகம் அவளுக்கு ஏற்கெனவே இனித்துக்கொண்டிருந்தது. இனிப்பதற்கு மேல் ஒரு கூலியை வைத்ததும், கூலி இல்லாத நாளில் இனிப்பும் மறந்துபோயிற்று.

இதை அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் சோதித்து 1973-இல் வெளியிட்டார்கள். வண்ணப் பேனாக்களால் தாமாகவே விரும்பி வரைகிற சிறு பிள்ளைகளைத் தேர்ந்து மூன்று குழுவாக்கினார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு முன்பு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் தரவில்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களை வெறுமனே வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுவினரின் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற இரண்டாம் குழுவுக்கோ ஆர்வம் குறையவில்லை. ஆகவே கேடு பரிசுப் பொருளில் இல்லை. ‘இதைச் செய்தால் அதைத் தருவேன்’ என்று முன்னரே பேசிவைக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பரிசுகள் உண்மையிலேயே ஆர்வத்தைக் கெடுக்கின்றனவா என்பது பற்றி ஆய்வாளர்களுக்குள் நெடுங்காலம் வாதம் நடந்தது. 1999-இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் ஆகியோர் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எதிர்பார்க்கவைத்துத் தரும் கைப்பொருள் பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது என்ற முடிவுக்கே வந்தார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அதற்காகப் பரிசு எங்குமே பயன்படாது என்று நான் சொல்லமாட்டேன். பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்க நகரங்களில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நண்பருக்கு உதவும். டல்லஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகத்தை வாசித்து அதைப் பற்றிய சிறு வினாக்களில் தேறினால் இரண்டு டாலர் தரப்பட்டது; அவர்களின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஓரளவு கூடியது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் தரப்பட்டது; அங்கே பயன் எதுவும் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்து வாசிப்பது குழந்தையின் கையில் இருக்கிறது. மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்பது அதற்குத் தெரியாது, தெரியாத ஒன்றுக்கு எவ்வளவு பணம் காட்டினாலும் அது என்ன செய்யும்? உங்கள் சார்ட்டில் ‘பிழையின்றி வாசித்தால்’ என்று இருப்பதைப் பாருங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பையனுக்கு அது நியூயார்க் பரிசு. மூன்றே நட்சத்திரம் வாங்கியவன் அவன்தான் என்று ஊகிக்கிறேன். அவனுக்குப் பரிசு வைப்பதென்றால் அவனால் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றுக்கு, அதாவது தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வரி வாசிப்பதற்கு, சில வாரங்கள் மட்டும் வையுங்கள். வாசிப்பு ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம்.

அவன் சுவரைப் பார்க்காததைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரம்பை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆவது பிரிவில் தடை செய்தது. அதே பிரிவு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நீங்கள் அப்படி எண்ணி ஒட்டவில்லை என்பதை அறிவேன். ஆனால் தன் பெயருக்கு நேரே உள்ள வெற்றிடத்தை 27 பேர் பார்க்க, தினமும் அதன் முன்னே உட்கார்ந்திருப்பது எட்டு வயதில் சிறிய தண்டனை அன்று. “பாருங்கள், இவள் எவ்வளவு அமைதியாக இருக்கிறாள்” என்று ஒரு பிள்ளையைக் காட்டி மற்றவர்களை அடக்கும் பாராட்டும் இப்படிப்பட்டதே. பாராட்டப்பட்டவளுக்கும் அதில் நன்மையில்லை, இடைவேளையில் அவளைத் தனியே விட்டுவிடுவார்கள்.

பாராட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் நட்சத்திரம் போன பிறகு உங்கள் கையில் எஞ்சுவது அதுதான் என்பதால் சொல்கிறேன். பிள்ளைகளை நெஞ்சுக்குள் மட்டும் மெச்ச வேண்டும் என்கிற ஔவையின் தனிப்பாடல் ஒன்று உண்டு. நம் வீடுகள் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தன, கண்ணேறு பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. இன்று நேர்மாறாக, பென்சிலை எடுத்தாலே ‘வெரி குட்’, ‘சூப்பர்’ என்கிறோம். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாறவைத்தபின் மீண்டும் எளியவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்டவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகவும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னிலும் நன்றாகவும் செய்தார்கள். வேறொரு பள்ளி மாணவர்களுக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதியனுப்பச் சொன்னபோது, புத்திசாலி என்று அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். பட்டம் கொடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றப் பொய் சொல்லவேண்டி வருகிறது.

நான் ஏழாம் வகுப்பில் எழுதிய ஒரு கட்டுரையைத் தமிழாசிரியர் திருப்பித் தந்தபோது மதிப்பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு வரியின் மேல் விரலை வைத்து, “மழை நின்ற பிறகும் கூரை சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய், இதை நீயே பார்த்தாயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். அன்றைக்குப் பெற்ற மதிப்பெண் நினைவில் இல்லை, அந்த விரல் இருக்கிறது. அவர் என்னைப் புகழவில்லை. நான் செய்ததைப் பார்த்தார். “நேற்றைக்கு ‘ழ’வில் நின்றுவிட்டாய், இன்றைக்கு நீயே திரும்பிப் போய் வாசித்தாய்” என்று நீங்கள் அந்தப் பையனின் காதருகே சொல்வீர்களானால், அது பத்து ஸ்டிக்கருக்கு மேல். இதற்கு நேரம் வேண்டும், 28 பேரிடமும் ஒரே நாளில் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளுக்கு நான்கு பேர் என்றால் ஏழு நாளில் வகுப்பு முழுவதையும் சுற்றிவிடலாம்.

சார்ட்டைக் கழற்றுங்கள், ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து வெறும் சுவரைப் பார்க்கும்படி செய்யாதீர்கள். இது வாக்குக் கொடுத்த கணக்கு. இந்த வாரத்தோடு இது முடிகிறது என்று முன்னதாகச் சொல்லி, பத்து சேர்த்தவர்களுக்கு உரிய பென்சிலைக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். பிறகு சில நாள் கழித்து, எதற்கு என்று சொல்லாமல், முன்கூட்டி அறிவிக்காமல், 28 பேருக்கும் ஆளுக்கொரு பென்சில் கொடுங்கள். அதை வாங்கிக்கொண்டு அந்தச் சிறுமி வாசிப்பு மூலைக்குப் போகிறாளா என்பதை மட்டும் தூரத்திலிருந்து கவனியுங்கள். போனால் அப்போது ஒன்றும் சொல்லவேண்டாம், அவள் வாசிக்கட்டும்.