ராக் இல்லாத ஜிம், பார் வாங்கும் ஆசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு 24 வயது, கோண்டாவில். எடை 70 கிலோ. வீட்டுக்குப் பக்கத்து ஜிம்முக்கு மூன்று மாதமாகப் போகிறேன். அங்கே 20 கிலோ வரைக்கும் டம்பெல் சோடிகள், இரண்டு வாங்கு (பெஞ்ச்), ஒரு கேபிள் மெசின், அவ்வளவுதான். பாரைத் தோளுயரத்தில் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம், அதுதான் ஸ்குவாட் ராக், இல்லை. பிளேட் பூட்டிய நீண்ட இரும்புப் பாரைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்யாவிட்டால், அதாவது குந்தி எழும்பாவிட்டால், கால் வளராது என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து பாரும் பிளேட்டும் வாங்கி வீட்டில் வைக்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம், தம்பி. உங்கள் ஜிம்மில் இருக்கிற சாமானே உங்கள் காலுக்கு இன்னும் ஒரு வருடத்துக்காவது போதும்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 60 கிலோ பாரைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்தால் உங்கள் உடம்போடு சேர்த்து 130 கிலோ. அதை இரண்டு காலும் பங்கு போட்டால் ஒரு காலுக்கு 65. இனி ஒரு காலை முன்னுக்கு வைத்து, மற்றக் காலைப் பின்னால் வாங்கின் மேல் போட்டு, இரண்டு கையிலும் 20 கிலோ டம்பெல் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். மொத்தம் 110 கிலோ. அதில் முக்கால் பங்கு முன்காலில் விழுந்தாலே 82 கிலோவுக்கு மேல் வந்துவிடும். கீழ்க்காலின் எடையை எல்லாம் கழித்துப் பார்க்காத பருமட்டான கணக்குத்தான். ஆனாலும் எந்தக் கால் கூடுதலாக உழைக்கிறது என்பது தெரிகிறது அல்லவா? இதைத்தான் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் என்கிறார்கள். முதல் கிழமை டம்பெல் இல்லாமல் செய்யுங்கள், சமநிலை பழகத்தான் நாள் எடுக்கும். வாங்கு முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கொஞ்சம் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. முன்பாதம் வாங்கிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கட்டும். இறங்கும்போது முன் குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பினால் பாதத்தை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வையுங்கள்.

கூட்டாளிகள் சொல்வது ஒரு விஷயத்தில் சரி. எழுந்து நிற்கக்கூடிய ஆகக் கூடிய பாரத்தைத் தோளில் சுமக்கும் பலம் வேண்டுமென்றால், பாரைச் சுமந்துதான் அதைப் பழக முடியும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் சேர்ந்த பவர்லிஃப்டிங் போட்டிக்கு இறங்கும் எண்ணம் இருந்தால் ராக் உள்ள இடத்துக்கு மாறுங்கள். தசை வளர வேண்டும், கால் பலமாக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. 8 முறை தூக்கிக் களைக்கிற பாரத்திலும் தசை வளரும், 25 முறை தூக்கிக் களைக்கிற பாரத்திலும் வளரும். இன்னும் ஒன்றோ இரண்டோதான் முடியும் என்ற இடம் வரைக்கும் போகிறீர்களா என்பதுதான் முக்கியம். கால் வளரவில்லை என்று சொல்கிற பல பேர் அந்த இடத்துக்கு வெகு முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம், ஒரே ஒரு டம்பெல்லைச் செங்குத்தாக நிறுத்தி நெஞ்சோடு அணைத்துச் செய்யும் கோப்லெட் ஸ்குவாட் இருக்கிறது. 20 கிலோ லேசாகத் தெரிந்தால் இறங்குவதற்கு மூன்று விநாடி எடுங்கள், அடியில் இரண்டு விநாடி நில்லுங்கள், பிறகு எழும்புங்கள். 15 முறை இப்படிச் செய்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். உயரமான பெட்டியில் ஒற்றைக் காலால் ஏறுவதும் அருமையான பயிற்சி. எங்கள் யாழ் குடாநாடு தட்டை நிலம், ஏற்றம் ஏறிக் கால் பலப்பட வழியில்லை, படியைத்தான் தேட வேண்டும். ஏறும்போது கீழே நிற்கும் கால் உந்தித் தள்ளக் கூடாது. மேலே வைத்த கால்தான் உடம்பை இழுக்க வேண்டும். கீழ்க்காலின் விரல்களை மேல்நோக்கி மடித்துக்கொண்டால் அது உந்த முடியாது.

இவற்றில் எதுவும் பின்தொடைக்குப் பெரிதாக வேலை தராது. பார் ஸ்குவாட்டும் தராது என்பதைக் கூட்டாளிகளுக்கும் சொல்லுங்கள். அதற்கு டம்பெல் இரண்டையும் தொடையை ஒட்டிப் பிடித்து, முழங்காலைச் சற்றே மடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியும் ரொமேனியன் டெட்லிஃப்ட் சேருங்கள். முதுகு வளையக் கூடாது. கிழமையில் இரண்டு நாள், ஸ்பிளிட் ஸ்குவாட் ஒவ்வொரு காலுக்கும் மூன்று செட் (சுற்று), ஒரு செட்டில் 8 இலிருந்து 12 முறை. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த டம்பெல்லுக்குப் போங்கள். கால் களைக்க முன் கைப்பிடி தளர்ந்தால் மணிக்கட்டில் சுற்றும் துணிப் பட்டி ஒன்று வாங்குங்கள். இந்த வருடம் நீங்கள் செலவழிக்க வேண்டியது அந்தப் பட்டிக்குத்தான்.

பார் வாங்குவதைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பிழையை நானே காசு கொடுத்துச் செய்தவன். பத்து வருடத்துக்கு முன் நகரத்தில் ஒரு கடையில் பார் ஒன்று வாங்கினேன். பிறகு வேறொருவர் வீட்டை மாற்றும்போது விற்ற பிளேட்டுகளை நல்ல விலைக்கு எடுத்தேன். கொண்டுவந்து போட்டால், பிளேட்டின் துளை பெரிது, பார் மெல்லியது. போட்டிகளில் பயன்படும் ஒலிம்பிக் பார் 20 கிலோ எடை, 2.2 மீற்றர் நீளம், பிளேட் ஏறும் முனை 50 மில்லிமீற்றர் தடிப்பு. பெண்களுக்கான பார் 15 கிலோ, அதற்கும் முனை 50 தான். கடைகளில் மலிவாக வருகிற பார்களின் முனை 25 இலிருந்து 28 மில்லிமீற்றருக்குள் இருக்கும். ஒரு வகைப் பாரின் பிளேட் மற்ற வகைப் பாருக்குப் பொருந்தாது. கடைக்குப் போய்ச் சொன்னபோது பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார்கள். நான் வாங்கி வைக்கவில்லை. அத்தோடு கதை முடிந்தது.

இன்னொன்று, ராக் இல்லாமல் பார் வாங்கினால் ஸ்குவாட் செய்ய அந்தப் பாரை நிலத்திலிருந்து தூக்கித் தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். கையால் தோளுக்குத் தூக்கக்கூடிய எடைதான் உங்கள் காலுக்குக் கிடைக்கும், அது காலுக்குப் போதாது. வெல்டிங் கடையில் இரண்டு தூண் செய்வித்து வைக்கலாம் என்று நினைப்பீர்கள். இடையில் எழும்ப முடியாமல் போனால் பாரைத் தாங்குவதற்கு இடுப்புயரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் நீட்டிய இரும்புக் கை இல்லாத தூண்களில் தனியாக ஸ்குவாட் செய்யவே கூடாது. உயிர் போகும் விஷயம் இது.

பிறகு ஒரு நாள் வாங்குவதாகவே இருந்தால், கூட்டிக் குறைக்கக்கூடிய டம்பெல் சோடியை முதலில் பாருங்கள். பிளேட் வார்ப்பிரும்பா, பிளாஸ்டிக் உறைக்குள் சீமெந்தா என்று கேளுங்கள். சீமெந்துப் பிளேட் ஒரே எடைக்குத் தடிப்பாக இருப்பதால் கம்பியில் இடம் சீக்கிரம் முடிந்துவிடும், சீமெந்துத் தரையில் விழுந்தால் உறை வெடிக்கும். மொத்த விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள், முடிந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். குருநகர், வல்வெட்டித்துறை மாதிரிக் கடலோர வீடு என்றால் உப்புக்காற்று இரும்பை விடாது. மாதம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும்.

கேள்வி: வயது 41, சுன்னாகம். ஜிம்முக்குப் போக வசதியில்லை. படியிறங்கும்போது வலது முழங்கால் லேசாக நோகும். தொடை பலமானால் நோவு குறையும் என்று இயன்மருத்துவர் சொன்னார். இணையத்தில் அதிரும் பலகை, தொடைக்கு நடுவில் வைத்து அமத்தும் ஸ்பிரிங், இழுக்கும் றப்பர் பட்டி எல்லாம் விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள், அக்கா. ஸ்பிரிங் சாமான் தொடையின் உட்பக்கத் தசையை மட்டும் அமத்தும். படியிறங்கும்போது உங்களைத் தாங்குகிற முன்தொடைக்கு அதில் வேலை இல்லை. அதிரும் பலகையில் நிற்பது பாரம் தூக்குவதற்கு ஈடாகாது.

உங்களுக்குத் தேவையான முதல் சாமான் வீட்டிலேயே இருக்கிறது, கதிரை. பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், சறுக்கும். பலகைக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, மெல்ல இருந்து, கதிரையில் பட்டதும் பட்டென்று இல்லாமல் நிதானமாக எழும்புங்கள். நோவு வந்தால் கதிரையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கிழமைகள் போகப்போகத் தலையணையை எடுத்துவிடலாம். 15 முறை இலகுவாக வந்த பிறகு, பிள்ளைகளின் பழைய புத்தகப்பையில் 5 கிலோ அரிசிப் பக்கெட் ஒன்றை வைத்து நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு செய்யுங்கள். கோயிலில் பிள்ளையாருக்கு முன் போடுகிற தோப்புக்கரணமும் இதே அசைவுதான். ஆனால் வேகமாகப் போடாதீர்கள், முழங்கால் நோகிற ஆளுக்கு வேகம் கூடாது.

பாரம் கூட்ட வேண்டிய கட்டத்தில் வெறும் போத்தல்கள் உதவும். 5 லீற்றர் கான் நிறையத் தண்ணீர் 5 கிலோ. அதே கானில் காய்ந்த மணல் போட்டால் ஏறத்தாழ 8 கிலோ. தடித்த பொலித்தீன் இரண்டு அடுக்குக்குள் மணலைக் கட்டி உரப்பையில் போட்டால் 10, 15 கிலோ மூட்டை ஆகும். ஹாட்வெயாரில் கொஞ்ச மணல் வாங்கினாலே போதும். காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பயிற்சி செய்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

றப்பர் பட்டி கெட்ட சாமான் இல்லை. பாதத்தின் கீழ் மிதித்துத் தோளில் மாட்டினால் எழும்பும்போது பாரம் தரும். ஒரு குறை, அது இழுபட இழுபடத்தான் இறுகும். நீங்கள் ஆகக் கஷ்டப்படுகிற அடி இடத்தில் தளர்ந்திருக்கும், நிமிர்ந்து இலகுவான இடத்தில் இறுகும். அரிசி மூட்டைக்கு அந்தக் குறை இல்லை. வாங்கினால் வெயில் படாத இடத்தில் வையுங்கள், எங்கள் வெக்கையில் லேட்டெக்ஸ் சீக்கிரம் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, சின்னக் கீறல் தெரிந்தாலும் எறிந்துவிடுங்கள். அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

முழங்கால் வீங்கினால், மடிக்க முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று விட்டுக்கொடுத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

கேள்வி: ஜிம்மில் சிமித் மெசின் மட்டும் இருக்கிறது. அது ஸ்குவாட் ராக்குக்கு ஈடாகுமா?

பதில்: காலுக்கு நல்லது, தயங்காமல் பாவியுங்கள். பார் தண்டவாளத்தில் ஓடுவதால் சமநிலைக்கான உழைப்பு குறையும், தொடைக்கான உழைப்பு குறையாது. பாதத்தைச் சற்று முன்னுக்கு வைத்துப் பார்த்து உங்களுக்குத் தோதான இடத்தைக் கண்டுபிடியுங்கள். அடியில் நிறுத்தும் கொளுக்கியை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். மெசினுக்கு மெசின் பாரின் எடை வேறு, இங்கே தூக்கிய கணக்கை இன்னொரு ஜிம்முக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: நல்லூர். ஸ்குவாட் ராக் இருக்கிறது என்று காட்டி ஒரு வருடக் கட்டணத்தை ஒன்றாக வாங்கினார்கள். இரண்டாம் மாதமே ராக் உடைந்தது என்று எடுத்துவிட்டார்கள். காசு திரும்பத் தர முடியாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முதல் வேலை கடிதம். எப்போது சேர்ந்தீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், எந்தச் சாமான் இருப்பதாகச் சொன்னார்கள், அது எந்தத் திகதியில் இல்லாமல் போனது என்று எழுதி, ராக்கை ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் திருத்துங்கள் அல்லது மிச்ச மாதங்களின் காசைத் தாருங்கள் என்று கேளுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். பற்றுச்சீட்டு, அவர்கள் வெளியிட்ட விளம்பரத்தின் படம், வட்சப்பில் பேசியது எல்லாவற்றையும் சேமியுங்கள்.

பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொருட்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சேவைகளும் அதில் அடங்கும், ஜிம் கட்டணம் சேவைக்குக் கட்டியதுதான். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் ஜிம்காரர் அடுத்த மாதம் பார்ப்போம் என்று இழுத்தால் காத்திருக்காதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிமுறையைக் கேட்கலாம்.

அது முடியும் வரைக்கும் அந்த ஜிம்மில் டம்பெல்லும் வாங்கும் இருக்குமே, கோண்டாவில் தம்பிக்கு எழுதியதைப் பார்த்துக் காலுக்கு வேலை கொடுங்கள். அடுத்த முறை சேரும்போது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். சேர முன் பின்னேரம் 6 மணிக்கு ஒருநாள் போய், ராக்குக்கு எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள்.