இன்-இயர் மானிட்டரில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை, என்ன செய்வது?

மேடையில் பாடுபவரும் வாசிப்பவரும் தங்களையே கேட்டுக்கொள்ளக் காதில் செருகும் சிறு ஒலிப்பான்தான் இன்-இயர் மானிட்டர். அது காதை அடைத்துவிடுவதால், எல்லா மைக், வாத்தியங்களின் ஒலியையும் கலந்து அனுப்பும் மிக்ஸரிலிருந்து வருவதுதான் பெரும்பாலும் கேட்கும்.

முதலில் மிக்ஸரைத் தொடாதீர்கள். காதிலிருக்கும் ரப்பர் முனையைப் பாருங்கள். அளவு பொருந்தாமல் இடைவெளி விழுந்தால் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, கசிந்து எல்லாமே தகர டப்பா மாதிரி ஒலிக்கும். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

அப்புறம், ரசிகர்கள் கேட்கும் மிக்ஸ் உங்களுக்கு வேண்டாம். பாடகருக்குத் தன் குரல், சுருதிக்குக் கீபோர்டு, தாளத்துக்கு ட்ரம்ஸ் கொஞ்சம், போதும். கிடாரும் குரலும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் மோதுவதால் ஒன்று மற்றொன்றை மூடிவிடும். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. மேளம் ஓய்ந்தால் முணுமுணுப்பும் கேட்கும். அதனால் சவுண்ட் இன்ஜினியரிடம் “என் குரலைக் கூட்டுங்க” என்பதற்கு முன் “கிடாரைக் குறைங்க, இல்லாட்டி இடது காதுப் பக்கம் தள்ளுங்க” என்று சொல்லிப் பாருங்கள்.

கூட்டத்தின் கைத்தட்டலைக் கேட்க ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுவது காதுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திறந்த காதில் மேடைச் சத்தம் முழுசாக இறங்கும், அதை மீறிக் கேட்க அடைத்த காதிலும் ஒலியைக் கூட்டுவீர்கள். கைத்தட்டல் வேண்டுமென்றால் கூட்டத்தை நோக்கி ஒரு மைக் வைத்து அதை மிக்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள்.